கோபல்லபுரத்துக்குப் பேப்பர் வந்த பிறகு

புதுச்சேரியில் கி.ரா.வைப் பற்றிக் குறையாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன்னால் பத்து வாக்கியம் புகழ்ந்தாக வேண்டும். கரிசல் இலக்கியத்தின் பிதாமகர். கதைசொல்லிகளுக்கெல்லாம் கதைசொல்லி. ஏழாம் வகுப்பைத் தாண்டாமல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர். நம் எல்லோருக்கும் நைனா. எல்லாம் உண்மை, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். சொல்லியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். 'கோபல்லபுரத்து மக்கள்' எனக்குப் பெரிய ஏமாற்றம். அதன் முதல் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சியிருக்கிறேன். இரண்டாம் பாதியை அதே மனிதர்தான் எழுதினார் என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடனில் தொடராக வந்து பிறகு புத்தகமானது. 1991ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது இரண்டாவதற்குத்தான் கிடைத்தது. முதலாவதற்குக் கிடைக்கவில்லை. தொடர் வந்த காலத்தில் நான் பால்குடி, ஆகவே இந்தச் சண்டையில் எனக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு இருக்கிறது. ஒரு வாசகனுக்குப் புது நாவல் என்பது அவன் பிரியமான எழுத்தாளரிடம் அடுத்து படிக்கப்போகிற நாவல்தான். அது எந்த வருடம் அச்சானது என்பது பதிப்பாளர் கவலை. இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில், செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில், 'கோபல்ல கிராம'த்தை ஒரே இரவில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று அலைந்தவன் நான். எனக்கு அது சுடச்சுடப் புது நாவல். அந்தச் சூட்டோடுதான் ஏமாந்தேன்.

இன்னொரு பங்கும் உண்டு. புத்தகக் கடையில் போய் "கி.ரா. நாவல் ஒண்ணு குடுங்க" என்று கேட்கும் பத்தொன்பது வயதுப் பையன் கைக்குப் பெரும்பாலும் போவது விருது முத்திரை உள்ள புத்தகம்தான். அவன் நூறு பக்கம் சிரித்துக்கொண்டே போவான். அப்புறம் ஸ்கூல் புத்தக வாசனை அடிக்கும். மூடி வைப்பான். 'இவ்ளோதானா கி.ரா.?' என்று அவன் போய்விட்டால் யாருக்கு நஷ்டம்? அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இல்லடா, உனக்குத் தோணினது சரிதான், ஆனா அதுக்கு முன்னாடி எழுதினதைப் படி" என்று சொல்ல ஆள் வேண்டும். நம்மிடம் அந்த ஆள்தான் இல்லை. நம்மிடம் இருப்பவர்கள் எல்லோரும் மாலை போடுகிறவர்கள்.

முதலில் 'கோபல்ல கிராமம்' என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நான் எதை இழந்ததாகப் புலம்புகிறேன் என்பது புரியாது. ஒரு பெண் தண்ணீர் குடிக்க இறங்குகிறாள். காதில் கிடக்கும் நகைக்காக ஒருவன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். சாகும்போது அவள் அவனுடைய கால் பெருவிரலைக் கடித்தவள் கடித்தவள்தான், விடவில்லை. அகப்பட்டுக்கொள்கிறான். ஊர் கூடி அவனைக் கழுவேற்றுகிறது. இந்தக் கொடூரத்தை எந்தக் குரலில் சொல்கிறார் பாருங்கள். கோட்டையார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்தபடி, அவசரமே இல்லாமல். நடுநடுவே யார் யாருக்கு என்ன பட்டப்பெயர், எதனால் வந்தது என்று ஒதுங்கிப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறார். நூற்றுமுப்பது வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் தன் முன்னோர்கள் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்கிறாள். துரத்துகிறது படை, எதிரே ஆறு, கரையில் நின்ற மரம் வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்க்கிறது. மரம் வளையுமா என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. கிழவி சொல்கிறாள், வளைகிறது.

வரலாறு அந்த நாவலுக்குள் வரும் விதம் இதுதான். ராஜாக்கள் உண்டு, படையெடுப்பு உண்டு, கும்பினி உண்டு, கடைசியில் வெள்ளைக்காரன் ஆட்சியே உண்டு. ஆனால் எதுவும் தன் சொந்தக் காலில் ஊருக்குள் நடந்து வர முடியாது. யாராவது ஒருவர் வாய் வழியாகத்தான் வர வேண்டும். வருகிற வழியில் அந்த வாயின் எச்சில் அதன்மேல் படும். பொய் கலக்கும், பயம் கலக்கும், கேலி கலக்கும். கலந்த பிறகுதான் ஊர் அதை ஏற்றுக்கொள்ளும். இதை ஒரு இலக்கியக் கோட்பாடாகவே எழுதி டாக்டர் பட்டம் வாங்கலாம், வாங்கியும் இருப்பார்கள். கி.ரா. அதைத் திண்ணைப் பேச்சாகவே செய்துவிட்டுப் போனார்.

'கோபல்லபுரத்து மக்க'ளின் முதல் பாதியிலும் இது இருக்கிறது. கிட்டப்பனுக்கும் அச்சிந்த்தலுவுக்கும் இடையிலான அந்தப் பிரியத்தைச் சொல்லும் பக்கங்கள், தமிழில் கிராமத்துக் காதலை எழுதிய எவரோடும் வைத்துப் பார்க்கத் தகுந்தவை. வெளியுலகத்துச் சாமான்களும் பழக்கங்களும் ஒவ்வொன்றாக ஊருக்குள் நுழையும்போது ஜனங்கள் அவற்றை முகர்ந்து பார்ப்பதும், சந்தேகப்படுவதும், பிறகு அது இல்லாமல் இருந்ததே இல்லை என்பதுபோலப் பழகிக்கொள்வதும் அத்தனை அழகு. அதுவரைக்கும் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

அப்புறம் சுதந்திரப் போராட்டம் வருகிறது.

வரட்டும், வரத்தான் வேண்டும். கதை 1947 வரைக்கும் போகிறதென்றால் அது வராமல் எப்படி? ஆனால் அது வருகிற விதத்தைப் பாருங்கள். திடீரென்று கிழவிகளின் வாய் மூடிவிடுகிறது. பட்டப்பெயர்க்காரர்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். தேசத்தில் நடந்தவை தேதிவாரியாக, தலைவர்வாரியாக வந்து நிற்கின்றன. அவற்றைச் சொல்கிற குரலுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, வயசு இல்லை, வாயில் வெற்றிலை இல்லை. அது பேப்பர் படிக்கிற குரல். கோபல்லபுரத்துக்குப் பேப்பர் வந்துவிட்டது, கதை நின்றுவிட்டது. ஜனங்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் பொதுக்கூட்டத்தில் கீழே உட்கார்ந்திருப்பவர்களாக. முதல் நாவலில் மரத்தையே வளைத்த ஊர் இது. இங்கே ஒரு செய்தியைக்கூட வளைக்க அதற்கு அனுமதி இல்லை.

இதில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது வேறு ஒன்று. 'கோபல்ல கிராம'த்தின் காலத்தில் கி.ரா. வாழவில்லை. அதெல்லாம் காதால் கேட்டது. இரண்டாவது நாவலின் பின்பாதி அவர் வாழ்ந்த காலம். இடைசெவலில் 1920களின் தொடக்கத்தில் பிறந்தவர், சுதந்திரம் வந்தபோது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். 1947க்கும் 1951க்கும் இடையில் நடந்த விவசாயிகள் போராட்டங்களின் பொருட்டு இரண்டு முறை சிறைக்குப் போனார். யோசித்துப் பாருங்கள். தேசத்துக்குச் சுதந்திரம் வந்த கையோடு, அந்தச் சுதந்திர தேசத்தின் ஜெயிலுக்குள் போன சம்சாரி அவர். அதே ஊர்க்காரர், சேக்காளி கு. அழகிரிசாமி. விளாத்திகுளம் சுவாமிகளிடம் சங்கீதம். இப்படிப்பட்ட ஒருவரிடம் அந்தப் பத்து வருடத்தைப் பற்றி இருந்திருக்கக்கூடிய சரக்கு எவ்வளவு! யார் காட்டிக்கொடுத்தார்கள், யார் வீட்டுக் குதிரில் ஒளிந்தார்கள், எந்தப் போலீஸ்காரன் கம்மஞ்சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "போயிட்டு வாரேன் மாமா" என்று போனான். இவையெல்லாம் நான் கற்பனையாகச் சொல்பவை. எனக்கே இவ்வளவு தோன்றினால் அனுபவித்தவருக்கு எவ்வளவு தோன்றியிருக்கும்? காதால் கேட்டதை உடம்போடு எழுதியவர், உடம்பால் வாழ்ந்ததைக் கேள்விப்பட்டதுபோல எழுதிவிட்டுப் போனார். இந்தத் தலைகீழ்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஏன் அப்படி ஆனது? என் ஊகத்தைச் சொல்கிறேன். பக்தி. கி.ரா. எதைப் பார்த்தும் சிரிக்கக்கூடியவர். ராஜாவைப் பார்த்து, சாமியைப் பார்த்து, சாவைப் பார்த்து. கிராமத்துப் பாலியல் கதைகளைத் தொகுத்து 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று புத்தகமே போட்டவர், அவருக்கென்ன கூச்சம். அப்படிப்பட்டவர் தேச விடுதலையின் முன்னால் வந்தபோது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நின்றவர் வாயில் கதை வரவில்லை, வரலாறு வந்தது. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தத் தலைமுறைக்கு அது சாதாரண விஷயமில்லை. ஆனால் புரிந்துகொள்வதும் ரசிப்பதும் ஒன்றா?

வேடிக்கை என்னவென்றால், அவர் சுதந்திரப் போராட்டத்துக்கு எதைச் செய்தாரோ அதையே நாம் இப்போது அவருக்குச் செய்துகொண்டிருக்கிறோம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறோம். 2021 மே மாதம் லாஸ்பேட்டை வீட்டில் 98 வயதில் அவர் காலமானார். உடல் இடைசெவலுக்குப் போயிற்று, தமிழக அரசு மரியாதை செய்தது. கோவில்பட்டியில் நினைவரங்கமும் வந்துவிட்டது. எல்லாம் நியாயமானவை, தமிழில் ஒரு எழுத்தாளனுக்கு இவ்வளவாவது நடந்ததே என்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவரைப் பற்றி வந்த கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் அவர் வீட்டில் குடித்த காப்பியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், எத்தனை பேர் அவர் நாவலில் ஒரு அத்தியாயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்? எண்ணிப் பார்த்தால் காப்பிதான் ஜெயிக்கும்.

சில வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் நடந்த ஒரு சின்ன வாசகர் கூட்டத்தில் இதையெல்லாம் இன்னும் மெதுவான குரலில் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, நீங்க என்ன பண்றீங்க?" என்றார். சாப்ட்வேர் என்றேன். "அதான்" என்று உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. அந்த 'அதா'னுக்கு என்ன அர்த்தம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, சாப்ட்வேர்க்காரனாகவே பேசுகிறேன். எங்கள் வேலையில் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துப் பார்க்காமல் உள்ளே விட மாட்டார்கள். பத்து வருட அனுபவக்காரர் எழுதியதை நேற்று சேர்ந்த பெண் பார்த்து, "சார், இந்த லூப் எதுக்கு?" என்று கேட்கலாம். கேட்டால் சார் பதில் சொல்லியாக வேண்டும். இதிலும் கள்ளத்தனம் உண்டு. படிக்காமலேயே 'எல்ஜிடிஎம்', அதாவது பார்க்க நல்லாத்தான் இருக்கு என்று நாலெழுத்தைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. தமிழில் வரும் மதிப்புரைகளில் முக்கால்வாசி எனக்கு அந்த நாலெழுத்தாகத்தான் தெரிகிறது. க.நா.சு.வும் வெங்கட் சாமிநாதனும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதிய மொழி இது. 'எழுத்து' பத்திரிகையைச் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கியதே அந்தப் பேச்சுக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான். அவர்கள் சொன்னதில் பாதியோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் படித்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

பிரெட் புரூக்ஸ் என்பவர் 1975இல் எழுதிய 'தி மிதிக்கல் மேன்-மந்த்' என்ற புத்தகம் எங்கள் துறையில் கிட்டத்தட்ட வேதம். அதில் 'இரண்டாவது சிஸ்டம்' பற்றி ஒரு எச்சரிக்கை வரும். ஒருவர் வடிவமைக்கும் முதல் சிஸ்டம் சிக்கனமாக இருக்கும், ஏனென்றால் அவருக்குப் பயம். முதலில் செய்ய முடியாமல் ஒத்திவைத்த அலங்காரங்களையெல்லாம் இரண்டாவதில் கொண்டுவந்து கொட்டுவார். ஆகவே இரண்டாவதுதான் ஆபத்தானது. 'கோபல்லபுரத்து மக்க'ளைப் படித்தபோது எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் முழுக்கப் பொருந்தவில்லை. கி.ரா. ஒத்திவைத்த தன் சொந்தச் சாமான்களைக் கொட்டியிருந்தால் நான் விருந்தே வைத்திருப்பேன். அவர் கொட்டியது பொதுச்சொத்து. எல்லோர் வீட்டிலும் இருப்பது. அதைப் படிக்க எனக்குக் கி.ரா. எதற்கு?

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். பலமுறை கேட்டாயிற்று. "நீ முதல்ல ஒரு நாவல் எழுதிட்டு வா" என்பதற்குப் பதில் சொல்ல மாட்டேன், நேர விரயம். "வாரத் தொடர், அவருக்கு நெருக்கடி" என்பது கொஞ்சம் மரியாதையான வாதம். 'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்ததுதான். 'குற்றமும் தண்டனையும்' 1866இல் மாதப் பத்திரிகைத் தொடராக வந்ததுதான், அதுவும் கடன்காரர்கள் கழுத்தில் உட்கார்ந்திருக்க. தொடர் என்பது ஒரு வடிவம், சாக்கு இல்லை. அதோடு, திண்ணைக் கதைக்குத் தொடரைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா? ராத்திரிக்கு ராத்திரி விட்ட இடத்திலிருந்து சொல்வதுதானே அதுவும்.

கொஞ்சம் நின்று பேச வேண்டிய வாதம் மூன்றாவது. "அவர் நாவலாசிரியர் இல்லப்பா, கதைசொல்லி. மேற்கத்திய நாவல் அளவுகோலைத் தூக்கிக்கிட்டு அங்க போகாதே." இதை ரொம்பப் படித்தவர்கள் சொல்வார்கள். கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். உண்மையில் இதைவிட அவரை மட்டம்தட்டும் வாதம் கிடையாது. நாட்டுப்புறம், வாய்மொழி, கரிசல் என்று மூன்று வேலி போட்டு உள்ளே அடைத்துவிட்டு, இங்கே தப்பு சரி கிடையாது என்று போர்டு மாட்டுகிற வேலை. நான் மேற்கத்திய அளவுகோலை எடுக்கவில்லை. 'கோபல்ல கிராமம்' என்கிற அளவுகோலைத்தான் எடுத்தேன். அது அவர் செய்து கொடுத்தது. கதைசொல்லியாகவே வைத்துக்கொள்வோம். கதைசொல்லி கதையை நிறுத்திவிட்டுப் பேப்பரை எடுத்து வாசிக்க ஆரம்பித்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? எழுந்து போய்ப் படுத்துக்கொள்வான். வாய்மொழி மரபில் விமர்சனம் அவ்வளவு கறாரானது.

வாழ்ந்த வரலாற்றை எழுதவே முடியாது, எல்லோருக்கும் அது பேப்பராகத்தான் ஆகும் என்றும் சொல்ல முடியாது. அசோகமித்திரன் 1977இல் '18வது அட்சக்கோடு' எழுதினார். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அந்தக் கொந்தளிப்பான நாட்கள். அவர் பிறந்தது செகந்திராபாத்தில், எல்லாவற்றையும் அங்கே இருந்து பார்த்தவர். அந்த நாவலிலும் நிஜாம் உண்டு, ரஜாக்கர்கள் உண்டு, டெல்லி உண்டு. ஆனால் எல்லாம் கிரிக்கெட் பைத்தியம் பிடித்த சந்திரசேகரன் என்ற இளைஞனின் தலைக்குள் புகுந்து அவனுடைய அசட்டுத்தனத்தோடு வெளியே வருகின்றன. நாவல் முடிவது வெற்றி ஊர்வலத்தில் இல்லை. கலவர இரவில் ஒரு வீட்டுக்குள் போய்விட்டு, அங்கே கண்டதைத் தாங்க முடியாமல் அவன் ஓடுவதில் முடிகிறது. செய்தி ஒரு மனிதனின் வெட்கமாக மாறிவிட்டது. அசோகமித்திரனுக்கு முடிந்தது கி.ரா.வுக்கு முடியாது என்று நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். ஒப்பினால் நான் அவருடைய வாசகன் இல்லை.

இதே புதுச்சேரியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிரபஞ்சன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து 'மானுடம் வெல்லும்' எழுதினார், பிறகு அதன் தொடர்ச்சியாக 'வானம் வசப்படும்'. அகாதமி 1995இல் விருது கொடுத்தது எதற்கு? இரண்டாவதற்கு. நான்கு வருட இடைவெளியில், இந்த ஊரில் வாழ்ந்த ஒருவருக்கும் இந்த ஊரிலேயே பிறந்த ஒருவருக்கும், முதல் புத்தகத்தின் தொடர்ச்சிக்கே விருது. டெல்லிக்குச் செய்தி போய்ச் சேர ஒரு புத்தக தூரம் ஆகிறது போல. 'வானம் வசப்படும்' மோசமான நாவல் என்று சொல்ல மாட்டேன். அதற்கும் எனக்கும் இடையே இருப்பது சின்ன மனத்தாங்கல்தான். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரைக்கும் பிள்ளை எழுதிக் குவித்த குறிப்புகள் எப்பேர்ப்பட்ட புதையல்! கப்பல் வந்த நேரம், யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள், எல்லாம் இருக்கும். முதல் நாவலில் பிரபஞ்சன் அந்தப் புதையல்மேல் நின்று சுற்றிலும் பார்க்கிறார், தாசிகளும் சாமானியர்களும் தெரிகிறார்கள். இரண்டாவதில் டியூப்ளேயின் காலம் வந்ததும் புதையல் அவர்மேல் சரிந்துவிட்டது என்று எனக்குப் படுகிறது. பிரபஞ்சனுக்குத் தீர்ப்பு எழுத இந்தக் கட்டுரையில் இடமில்லை, தனியாக எழுத வேண்டும். ஆவணம் கதையைத் தின்னும் என்பதற்கு நம் ஊரிலேயே இரண்டு சாட்சி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

கி.ரா. 1989இல் இந்த ஊருக்குக் குடிவந்தார். அவர் நாவல் 1947இல் வந்து நிற்கிறது. அதைப் புதுச்சேரியில் உட்கார்ந்து படிக்கும்போது ஒரு விசித்திரம் உறைக்கும். எங்கள் வீடுகளில் 1947 ஆகஸ்ட் 15 என்பது பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி. இங்கே பிரெஞ்சுக்காரன் அப்புறமும் ஏழு வருடம் இருந்தான். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். ஆக இந்தத் தக்கனூண்டு ஊருக்கு மூன்று சுதந்திரத் தேதி. எதை லீவு விடுவது, எதற்குக் கொடியேற்றுவது என்று அரசாங்கத்துக்கே குழப்பம் இருந்தது. எனக்கு அந்த 170 பேரைவிட அந்த 8 பேர்மேல்தான் ஆர்வம். அவர்கள் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள்? பெண்டாட்டி என்ன கேட்டிருப்பாள்? மறுநாள் டீக்கடையில் அவர்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே 'கோபல்ல கிராமம்' தான். அதை எழுதியவர் கோபல்லபுரத்துச் சுதந்திரத்தை எழுதும்போது இதைக் கேட்காமல் போனால் எனக்குக் கோபம் வராதா?

இதைப் படித்துவிட்டு, "செத்துப் போனவர்கிட்ட என்னப்பா கோபம்" என்று யாராவது சொல்வார்கள். கி.ரா.வுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவரைத் தேடி வந்த இளைஞர்களிடம் அவர் மணிக்கணக்கில் பேசியதைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பேச்சை விரும்பிய மனிதரைச் சுற்றி நாம் ஒரு மௌனத்தைக் கட்டியிருக்கிறோம். பிடித்த புத்தகத்தைப் பற்றியும் பேசுவதில்லை, பிடிக்காததைப் பற்றியும் பேசுவதில்லை. 'நைனா' என்று ஒரு வார்த்தை, ஒரு புகைப்படம், ஒரு கும்பிடு. பிடிக்காமல் போனதைச் சொல்லும் ஆள்தான் ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்தவன். நான் 'கோபல்லபுரத்து மக்க'ளின் பின்பாதியை மூன்று முறை படித்திருக்கிறேன், எங்காவது அந்தக் கிழவியின் குரல் கேட்கிறதா என்று. விருது கொடுத்த கமிட்டி மூன்று முறை படித்திருக்குமா?

அந்தக் கடைக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பையன் இதைப் படிக்கிறான் என்றால் அவனுக்கு மட்டும் ஒன்று. முத்திரை போட்டதை இப்போதைக்கு அங்கேயே வை. 'கோபல்ல கிராம'த்தை எடு. அதை முடித்ததும் 'கிடை' என்று ஒரு குறுநாவல் இருக்கிறது, சின்னது, ஒரு சாயங்காலம் போதும். அதற்கும் பிறகு 'மக்கள்' பக்கம் வா. கிட்டப்பனையும் அச்சிந்த்தலுவையும் பார். பேப்பர் வருகிற இடம் வந்ததும் உனக்கே தெரியும். அங்கே நிறுத்துவதும் மேலே போவதும் உன் இஷ்டம். எனக்குப் பிடித்திருந்தது என்று நீ வந்து சொன்னால் சண்டை போடத் தயாராக இருக்கிறேன். எந்தப் பக்கம், எந்த வரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.